ஸ்கேன் எடுக்காமலே அனுப்பிவிடுகிறார்களே, டாக்டர்?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 61 வயது, ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஊர் போடிநாயக்கனூர். மாதவிடாய் நின்று எட்டு வருடம் கழித்துத் திடீரென்று உதிரம் பட்டது. பயாப்ஸி எடுத்துப் பார்த்து, கர்ப்பப்பையின் உட்படலத்தில் கேன்சர் என்றார்கள். மதுரையில் ஆபரேஷன் செய்து கர்ப்பப்பை, சினைப்பை, குழாய் எல்லாவற்றையும் எடுத்தார்கள். முதல் ஸ்டேஜ், கிரேடு ஒன்று, கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கத் தேவையில்லை, மருந்து (கீமோ) ஏற்றவும் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். 16 மாதம் ஆகிறது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை செக்கப்புக்கு வரச் சொல்கிறார்கள். விடியற்காலை பஸ் பிடித்துப் போய், ஓ.பி. சீட்டு வாங்கி, மதியம் வரை உட்கார்ந்தால், உள்ளே பத்து நிமிடம். வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார், உள்ளே கருவி வைத்துப் பார்க்கிறார், நாலு கேள்வி கேட்கிறார், “நல்லா இருக்கீங்கம்மா, போய்ட்டு வாங்க” என்கிறார். ஒரு ஸ்கேன்கூட எழுதித் தருவதில்லை. சென்னையில் இருக்கும் என் மருமகன், வருடம் ஒரு முறையாவது பெட் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும், பணத்தை நான் கட்டுகிறேன் என்கிறார். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மார்பில் கேன்சர் வந்து குணமானது. அவருக்கு வருடா வருடம் மேமோகிராம் எடுக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை?

செக்கப் தேதிக்கு ஒரு வாரம் முன்பே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. எங்கள் அண்ணனும் 46 வயதில் குடல் கேன்சரில் போனவர், அந்த நினைப்பு வேறு. பத்து வருடமாக சுகர் உண்டு, எடை 82 கிலோ. ஸ்கேனும் எடுக்காத இந்தச் செக்கப்புக்குப் போவதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா? இல்லை, என்னை ஏனோதானோ என்று பார்க்கிறார்களா?

— பெயர் வேண்டாம், போடிநாயக்கனூர்

பதில்: அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது எதுவும் மனதில் ஏறாது. உங்களை ஏனோதானோ என்று பார்க்கவில்லை. முதல் ஸ்டேஜ், கிரேடு ஒன்றில், அதாவது கர்ப்பப்பையைத் தாண்டாத, மெதுவாக வளரும் வகையில், ஆபரேஷன் முடிந்து, எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கிறவரை ஸ்கேன் எழுதாமல் அனுப்புவதுதான் சரியான வைத்தியம். கூட்டம் அதிகம் என்பதாலோ செலவைக் குறைக்கவோ செய்வது இல்லை. பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுக்கு இருபது வருடத்துக்கு மேலாக ஆபரேஷன் செய்கிறவள் நான். நானும் அப்படித்தான் அனுப்புகிறேன். ஆனால் ஏன் ஸ்கேன் வேண்டாம் என்று விளக்கிச் சொல்ல அந்தப் பத்து நிமிடத்தில் நேரம் கிடைப்பதில்லை. அது எங்கள் பக்கத்துக் குறை. இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் நோய் திரும்புவதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம், சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம். உங்கள் மருமகன் சொல்வது இதுதான். மருத்துவர்களும் வெகுகாலம் இப்படித்தான் நம்பினார்கள். அது உண்மைதானா என்று பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர்கள் இத்தாலிக்காரர்கள். டோடெம் என்பது அந்த ஆய்வின் பெயர். இத்தாலியிலும் பிரான்சிலுமாக 42 மருத்துவமனைகளில், 2008 முதல் 2018 வரை, உங்களுக்கு வந்த அதே நோய்க்குச் சிகிச்சை முடித்த 1,800க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவது போல அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பெண்ணுறுப்பின் உள்ளே தடவி எடுத்துப் பார்க்கும் ஸ்மியர் என்று அடிக்கடி சோதனை. இன்னொரு பாதிக்கு மிகக் குறைவு. அதிலும் உங்களைப் போல ஆபத்து குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் டாக்டர் கையால் பார்ப்பது மட்டும்தான்.

2022இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து, அதிகம் சோதித்தவர்களில் 90.6 சதவீதம் பேர் உயிருடன் இருந்தார்கள். குறைவாகச் சோதித்தவர்களில் 91.9 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நோய் திரும்பும் ஆபத்து அதிகம் உள்ளவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தாலும் 85.3, 84.7 என்றுதான் வந்தது. அத்தனை ஸ்கேனும் அத்தனை ஊசிக்குத்தலும் யாருடைய ஆயுளையும் கூட்டவில்லை.

அது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். அந்த ஆய்வில் நோய் திரும்பியவர்களில் பலருக்கு, உடம்பில் ஏதும் தெரிவதற்கு முன்பே சோதனையில் அகப்பட்டது உண்மைதான். ஆனால் இந்த நோய் எங்கே திரும்புகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நுரையீரல், கல்லீரல், வயிற்றின் உள்சவ்வு போன்ற தூரத்து இடங்களில் திரும்பினால், இரண்டு மாதம் முன்னால் கண்டாலும் பின்னால் கண்டாலும் கொடுக்கும் மருந்து அதேதான், கிடைக்கும் பலனும் ஏறக்குறைய அதேதான். முன்னதாகத் தெரிந்ததால் அந்தப் பெண் கூடுதலாகப் பெற்றது, நோயாளி என்ற நினைப்போடு கழித்த அந்த இரண்டு மாதம் மட்டும். 2023க்குப் பிறகு, நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் புதிய மருந்துகள் சிலருக்கு நல்ல பலன் தருகின்றன. அதனால் ஆபத்து அதிகமுள்ள வகைக்காரர்களின் கணக்கு நாளை மாறலாம். உங்கள் வகைக்கு, நோய் திரும்புவதே நூற்றுக்கு மூன்று பேர் என்ற அளவில்தான். மூன்று பேருக்காக நூறு பேரையும் வருடா வருடம் ஸ்கேனுக்குள் அனுப்பி, அந்த மூன்று பேருக்கும் பலன் இல்லையென்றால் எதற்காக அனுப்ப வேண்டும்?

ஸ்கேன் எடுப்பதால் நஷ்டம் எதுவும் இல்லையே, எடுத்துத்தான் பார்ப்போமே என்று மருமகன் சொல்லலாம். நஷ்டம் உண்டு. பெட் ஸ்கேன் கேன்சரை மட்டும் காட்டுகிற கருவி இல்லை. உடம்பில் எந்த இடம் சர்க்கரையை அதிகம் உறிஞ்சுகிறதோ அந்த இடம் படத்தில் ஒளிரும். கேன்சர் ஒளிரும், சீழ்க்கட்டியும் ஒளிரும், காசநோயும் நன்றாக ஒளிரும். நம் ஊரில் காசநோய்க் கிருமி ஒரு முறையாவது எட்டிப் பார்த்த உடம்புகள் ஏராளம். இரண்டு வருடம் முன்னால் ஓர் அம்மா, உங்களைப் போலவே முதல் ஸ்டேஜ், மகன் வற்புறுத்தியதால் எங்களிடம் சொல்லாமல் வெளியே பெட் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தார். நெஞ்சுக்கூட்டின் நடுவில் இரண்டு நெறிக்கட்டி ஒளிர்ந்தது. ஒளிர்ந்துவிட்ட பிறகு அதைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது. மூச்சுக்குழாய்க்குள் கருவி விட்டு ஊசியால் திசு எடுத்து, ரிப்போர்ட் வரும் வரை காத்திருந்தோம். கேன்சர் இல்லை, என்றோ வந்து ஆறிய காசநோயின் மிச்சம். ஆறு வாரம் அந்தக் குடும்பத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஸ்கேனால் அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

ரத்தத்தில் சி.ஏ. 125 என்ற கேன்சர் குறியீட்டைப் பார்ப்பதும் உங்கள் நிலையில் தேவையில்லை. கர்ப்பப்பை இருந்த இடத்திலிருந்து பாப் ஸ்மியர் எடுப்பதும் அப்படித்தான். பாப் ஸ்மியர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு உரியது. அது வேறு நோய், வேறு காரணம். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஸ்மியர் எடுக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. கண்ணால் பார்ப்பதில் தெரியாத எதையும் அது பெரிதாகக் காட்டுவதில்லை.

பக்கத்து வீட்டு அம்மாவின் மேமோகிராம் வேறு விஷயம். மார்பில் கேன்சர் வந்தவருக்கு இன்னொரு மார்பு இருக்கிறது, எடுத்த மார்பிலும் பல சமயம் திசு மிச்சம் இருக்கிறது. அதில் புதிதாக ஒரு கட்டி வந்தால் சின்னதாக இருக்கும்போதே பிடித்துக் குணப்படுத்தலாம். மேமோகிராம் தேடுவது அதைத்தான். உங்களுக்குக் கர்ப்பப்பை முழுதாகப் போய்விட்டது. தேட அங்கே உறுப்பு இல்லை. அந்த அம்மாவுக்கும் உடம்பு முழுக்க ஸ்கேன் எடுக்க மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள். சொல்லப்போனால், மேமோகிராம் உங்கள் வயதில் எல்லாருக்கும் நல்லது. உங்களுக்கு எடுத்ததில்லை என்றால் அதைக் கேளுங்கள், நான் ஆதரிக்கிறேன்.

சரி, அப்படியானால் அந்தப் பத்து நிமிடத்தில் டாக்டர் என்னதான் பார்க்கிறார்? கர்ப்பப்பையை எடுத்த பிறகு பெண்ணுறுப்பின் மேல்முனையைத் தையல் போட்டு மூடியிருப்பார்கள். நாங்கள் அதை வால்ட் என்போம். கரண்ட் வைக்காதவர்களுக்கு நோய் அடிவயிற்றுப் பகுதியில் திரும்பினால் பெரும்பாலும் அங்கேதான் திரும்புகிறது. இப்படித் திரும்புவதைத்தான் பல சமயம் முழுதாகக் குணப்படுத்த முடிகிறது. நெதர்லாந்தில் 1990களில் போர்டெக் என்ற பெயரில், முதல் ஸ்டேஜ் பெண்கள் 700க்கும் மேற்பட்டோரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கரண்ட் வைக்காமல் விட்டவர்களில் சிலருக்கு வால்டில் நோய் திரும்பியது. பிறகு அங்கே கரண்ட் வைத்தபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் ஐந்து வருடம் கடந்தும் உயிருடன் இருந்தார்கள். உங்களுக்குக் கரண்ட் வைக்கவில்லையே என்று ஒரு குறை உங்கள் எழுத்தில் தெரிகிறது. குறையாக நினைக்க வேண்டாம். தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ள அந்தக் கரண்ட் சிகிச்சை இன்னும் செலவாகாமல் கைவசம் இருக்கிறது.

வால்டைப் பார்க்க ஸ்கேனைவிட நல்ல கருவி டாக்டரின் கண்ணும் விரலும்தான். உள்ளே வைக்கும் அந்தக் கருவியும் ஒரு விளக்கும் போதும். கடுகளவு சிவப்பு இருந்தாலும் தெரியும். நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்தால்தான் சி.டி. ஸ்கேனில் நிச்சயமாகச் சொல்ல முடியும். ஆகவே ஒன்றும் எடுக்கவில்லை என்று நீங்கள் நினைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில், எடுக்க வேண்டிய முக்கியமான சோதனை நடந்துவிடுகிறது.

இனிமேல் சொல்வதை வீட்டில் எல்லாரையும் படிக்கச் சொல்லுங்கள், டீச்சர். செக்கப் முக்கியம்தான். ஆனால் இரண்டு செக்கப்புகளுக்கு நடுவில் உள்ள ஆறு மாதம் அதைவிட முக்கியம்.

பத்து வருடம் முன்னால் என்னிடம் ஒரு நோயாளி இருந்தார். செக்கப்புக்கு ஒரு தேதிகூடத் தவறாதவர். ஒரு முறை பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பினேன். மூன்றே வாரத்தில் அவருக்கு உள்ளாடையில் லேசாக உதிரம் பட்டிருக்கிறது. டாக்டர் இப்போதுதானே பார்த்து நன்றாக இருக்கிறது என்றார், அடுத்த தேதிக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். ஐந்து மாதம். தேதி தவறாமல் வந்தார். நான் கருவியை வைத்துப் பார்த்தபோது கட்டி வால்டைத் தாண்டி மூத்திரப்பை பக்கம் போயிருந்தது. கரண்டும் மருந்தும் கொடுத்தோம், நாலு வருடம் இருந்தார். “உதிரம் பட்டா தேதி பார்க்காம வந்துடுங்க” என்று அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அதன் பிறகு, அந்த வார்த்தை சொல்லாமல் யாரையும் அறையை விட்டு அனுப்பியதில்லை.

பெண்ணுறுப்பிலிருந்து உதிரம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும், பழுப்பு நிறத்தில் கசிந்தாலும், நாற்றத்தோடு நீர் போனாலும் அந்த வாரமே போய்க் காட்டுங்கள். அடிவயிறு, இடுப்பு, முதுகு ஆகியவற்றில் வலி வந்து, இரவிலும் விடாமல், இரண்டு மூன்று வாரம் நீடித்தால் காட்டுங்கள். மூத்திரத்திலோ மலத்திலோ ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது, வயிறு உப்பிக்கொண்டே போவது, வாரக்கணக்கில் போகாத வறட்டு இருமல், இவையும் அப்படித்தான். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே போங்கள். அது ரத்தக்கட்டாகவும் இருக்கலாம், அதற்கும் அவசரம் உண்டு. உதிரம் பட்டாலே கேன்சர் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. வயதால் உள்சவ்வு வறண்டு மெலிந்தாலும் படும், தையல் இருந்த இடத்தில் சதை துருத்தினாலும் படும். எது என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை, உடனே வருவது உங்கள் வேலை.

இதற்கு மதுரைக்குத்தான் ஓட வேண்டும் என்று இல்லை. கானாவிலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே உள்ள மகளிர் மருத்துவர் கருவி வைத்துப் பார்த்துவிட முடியும், சந்தேகம் என்றால் ஒரு துணுக்குத் திசுவும் எடுத்துவிட முடியும். டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆபரேஷனுக்குப் பின் வந்த பயாப்ஸி ரிப்போர்ட்டையும் நகல் எடுத்து, கையில் எடுக்கிற மாதிரி வீட்டில் வைத்திருங்கள்.

உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். செக்கப்புக்கு ஒரு வாரம் முன்பு தூக்கம் போவது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. என் ஓ.பி. வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் முந்தின இரவு தூங்காதவர்கள்தான். “நல்லா இருக்கீங்க” என்றதும் சிலர் அழுதுவிடுவார்கள். அந்த நிம்மதி சில மாதம் தாங்கும், பிறகு அடுத்த தேதி நெருங்கும். இந்தப் பயத்தை எப்படிக் குறைப்பது என்றும் வெளிநாடுகளில் பார்த்திருக்கிறார்கள். டென்மார்க்கில் முதல் ஸ்டேஜ் பெண்கள் 156 பேரில் ஒரு பாதியை வழக்கமான செக்கப்புக்கு வரவழைத்தார்கள். மறுபாதிக்கு அறிகுறிகளை நன்றாகச் சொல்லிக்கொடுத்து, இதில் ஏதாவது வந்தால் கூப்பிடுங்கள், உடனே பார்க்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். வழக்கமாக வந்தவர்களுக்கு நோய் திரும்புமோ என்ற பயம் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் அந்த வித்தியாசம் மிகச் சிறியது. இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் 259 பெண்களை வைத்து இன்னொன்று செய்தார்கள். ஒரு பாதிக்கு டாக்டரின் செக்கப், மறுபாதிக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் போனில் கூப்பிட்டு விரிவாக விசாரிப்பது. போனில் பேசியவர்களுக்கு மனக்கவலை கூடவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது என்னவென்றால், செக்கப்பினால் மனதுக்கு ஒரு தைரியம் கிடைக்கிறது, அதைக் குறைத்துப் பேசக் கூடாது. அதே சமயம், கேட்கும்போது பதில் சொல்ல ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை இருந்தால் தேதிகள் குறைந்தாலும் பெண்கள் தாங்கிக்கொள்கிறார்கள். அடுத்த முறை போகும்போது, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது, எந்த நேரத்தில் கூப்பிடுவது என்று கேட்டு எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் முடியும் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை போங்கள். திரும்புகிற நோய் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறை போதும் என்று உங்கள் டாக்டர் சொன்னால், கைவிட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

இனி, உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி. ஸ்கேனைப் பற்றிப் பாதிக் கடிதம் எழுதிவிட்டு, நடுவில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். அண்ணன் 46 வயதில் குடல் கேன்சரில் போனார் என்று. இதை உங்கள் டாக்டரிடம் சொன்னீர்களா? பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள். குடலுக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றாது.

சம்பந்தம் உண்டு. லிஞ்ச் என்று ஒரு பரம்பரைக் கோளாறு. உயிரணு பிரியும்போது மரபணுவில் ஏற்படும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் வேலையைச் சில புரதங்கள் செய்கின்றன. மாணவர் நோட்டில் நீங்கள் சிவப்பு மையால் திருத்தியது போலத்தான். அந்தத் திருத்துகிற புரதம் ஒன்று பிறவியிலேயே சரியாக இல்லாத குடும்பங்களில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் குடல் கேன்சரும், பெண்களுக்கு உங்களுக்கு வந்த இதே கேன்சரும் சாதாரணமாக வரும் வயதுக்கு முன்பே வரலாம். கர்ப்பப்பை உட்படலப் புற்றுநோய் வந்த நூறு பெண்களில் மூன்று பேர் அளவுக்கு இது இருக்கிறது. உங்களுக்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. உங்கள் வயதும் எடையும் சுகருமே இந்த நோய்க்குப் போதுமான காரணம். அண்ணனுக்கு வந்தது தனியான சங்கதியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே வீட்டில் இந்த இரண்டு கேன்சரும், அதில் ஒன்று 50 வயதுக்குள் என்றால், பார்க்காமல் விடக் கூடாது.

பார்ப்பது கஷ்டமில்லை. ஆபரேஷனில் எடுத்த திசுவை மெழுகுக் கட்டியில் பதித்து நோயியல் பிரிவில் வருடக்கணக்கில் பத்திரமாக வைத்திருப்பார்கள். பிளாக் என்பார்கள். அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, அந்தத் திருத்தும் புரதங்கள் நான்கும் இருக்கின்றனவா என்று சாயம் போட்டுப் பார்க்கலாம். எம்.எம்.ஆர். பரிசோதனை என்று கேளுங்கள். இப்போது பல மருத்துவமனைகளில் முதலிலேயே செய்துவிடுகிறார்கள். உங்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் எம்.எல்.எச். 1, எம்.எஸ்.எச். 2, எம்.எஸ்.எச். 6, பி.எம்.எஸ். 2 என்று நான்கு பெயர்கள் இருந்தால் ஏற்கெனவே செய்தாகிவிட்டது. நான்கும் இருக்கிறது என்று வந்தால் பெரும்பாலும் கவலையில்லை, ஆனாலும் அண்ணனின் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஏதாவது ஒன்று இல்லை என்று வந்தாலும் உடனே பரம்பரை நோய் என்று முடிவு கட்ட முடியாது. அதற்கு மேல் ஒரு சோதனை, தேவைப்பட்டால் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை என்று போகும்.

ஸ்கேனுக்காக இத்தனை வார்த்தை செலவழித்து வேண்டாம் என்று சொன்ன நான் இதற்கு மட்டும் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், இந்த இடத்தில் தொடர் கண்காணிப்பு உண்மையாகவே உயிர் காக்கிறது. பின்லாந்தில் இப்படிப்பட்ட குடும்பங்களை 15 வருடம் கவனித்தார்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தவர்களுக்கு, பார்க்காதவர்களைவிடக் குடல் கேன்சர் 62 சதவீதம் குறைவாக வந்தது. கேன்சராக மாறுவதற்கு முன்பே சின்னச் சதை வளர்ச்சியைக் கண்டு அங்கேயே கிள்ளி எடுத்துவிட முடிவதுதான் காரணம். இன்று லிஞ்ச் உறுதியானவர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதைச் செய்யச் சொல்கிறோம். லிஞ்ச் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்துசேர சரிபாதி வாய்ப்பு உண்டு. உங்கள் மகளுக்கும், அண்ணனின் பிள்ளைகளுக்கும் இந்தத் தகவல் வேண்டும். அண்ணன் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது இருக்குமா? பெட் ஸ்கேனுக்கு என்று மருமகன் ஒதுக்கிய பணத்தை இதற்குச் செலவழிக்கச் சொல்லுங்கள். உங்கள் மேல் உள்ள பாசத்தால்தான் அவர் அலைகிறார், அந்தப் பாசத்துக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

அப்புறம் சுகரும் எடையும். இதைச் சொன்னால் நோயாளிகள் முகம் சுளிப்பார்கள், கேன்சரைப் பற்றிக் கேட்டால் டாக்டர் சோற்றைக் குறை என்கிறாரே என்று. ஆனால் அமெரிக்காவில் இந்த நோய் வந்த 33,000க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை எடுத்து, அவர்கள் பிறகு எதனால் இறந்தார்கள் என்று பார்த்தபோது, முதலிடத்தில் இருந்தது இந்தக் கேன்சர் அல்ல. மாரடைப்பு, பக்கவாதம் முதலான இதய, ரத்தநாள நோய்கள். ஆரம்ப நிலையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு அது இன்னும் பொருந்தும். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். உடம்பில் உள்ள கொழுப்பே ஈஸ்ட்ரோஜனை உற்பத்தி செய்கிறது, அதுவே கர்ப்பப்பை உட்படலத்தைத் தூண்டிவிட்டது. அதே எடையும் அதே சுகரும் இதயத்தையும் விட்டுவைப்பதில்லை. கர்ப்பப்பையை நாங்கள் எடுத்துவிட்டோம், காரணம் அப்படியே இருக்கிறது.

போன மூன்று மாதத்தில் உங்களுக்கு, சுகரின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. பார்த்தார்களா? பிரஷர், கொழுப்பு, சிறுநீரகம், கண் விழித்திரை? உங்கள் கடிதத்தில் மதுரை செக்கப் விவரம் ஒன்று விடாமல் இருக்கிறது, சுகர் அளவு ஓர் இடத்திலும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். அதையும் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையும் பயன்படுத்துங்கள். 82 கிலோவை ஒரே வருடத்தில் 60 ஆக்கச் சொல்லவில்லை. ஐந்தாறு கிலோ குறைந்தாலே சுகரிலும் பிரஷரிலும் தெரியும். காலை முக்கால் மணி நேரம் நடப்பது, இரவுச் சோற்றைப் பாதியாக்கிக் காயைக் கூட்டுவது, இந்த இரண்டில் ஆரம்பியுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பதில் இந்த டீச்சருக்கு எழுதியது. மூன்றாவது ஸ்டேஜ் என்றோ, சீரஸ், கிளியர் செல், கார்சினோசார்கோமா என்ற தீவிர வகைகளில் ஒன்று என்றோ ரிப்போர்ட்டில் இருந்தால் உங்கள் கணக்கு வேறு. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்வார்கள், ஸ்கேனும் எடுக்கச் சொல்லலாம். அதை மறுக்க இந்தக் கட்டுரையைக் காட்டாதீர்கள். உள்ளே கரண்ட் வைத்துக்கொண்டவர்களுக்குப் பெண்ணுறுப்பு சுருங்கிப்போகலாம், கணவரோடு சேரும்போது வலிக்கலாம், பரிசோதனைக்கே வலிக்கலாம். அதற்கு விரிக்கும் கருவியும் களிம்பும் இருக்கின்றன. வெட்கப்பட்டு யாரும் கேட்பதில்லை, நாங்களாகக் கேட்டால் அழுகிறார்கள். செக்கப்பில் அதையும் பேசுங்கள். நாற்பதுகளில் சினைப்பையை எடுத்துக்கொண்டவர்கள் எலும்புத் தேய்மானத்தையும் உடம்பு எரிச்சலையும் பற்றிக் கேளுங்கள்.

டீச்சர், அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காமல் இந்த வாரமே அந்த பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, கடைசிப் பக்கத்தில் நான் சொன்ன நான்கு பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லை என்றால் ரிப்போர்ட்டில் உள்ள பிளாக் எண்ணைக் குறித்துக்கொண்டு, மருமகனை விட்டு மருத்துவமனைக்குப் பேசச் சொல்லுங்கள். என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.